எண்ணிப் பார்க்காத அரசர்கள்

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்து, அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி நகருக்குள் நுழைந்து, கடற்கரைச் சாலையை அடைவோருக்கு ஒரு நினைவுச்சின்னம் கண்ணில் படும். முதல் உலகப்போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த பிரெஞ்சிந்தியருக்காக எழுப்பப்பட்டு 1938-இல் திறந்துவைக்கப்பட்டது அது. இப்பகுதி மக்களுக்குப் போர் என்பது என்றும் தொலைவில் நடந்ததே. ஆனால் அப்போர்களின் கணக்கு இங்குள்ள இல்லங்களிலும் எழுதப்பட்டது. 'சொல்தா' என்னும் பிரெஞ்சுச் சொல் புதுச்சேரித் தமிழாகிவிட்டதே அதற்குச் சான்று.

அப்போர்களுள் ஒன்றைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம். 1946 முதல் 1954 வரை பிரான்சு இந்தோசீனாவில் நடத்திய போர் அது. பிரெஞ்சு மக்களே விரும்பாத அப்போர் ஏன் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீடித்தது? அதை நீடிக்கச் செய்தவை துப்பாக்கிகள் மட்டுமல்ல; சொற்களும்கூட.

புதுச்சேரிக்கும் சைகோனுக்கும் இருந்த உறவு பழமையானது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வெளியான ஆணையின்படி, தம் சமூக வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். புதிய குடும்பப் பெயர்களையும் சூடிக்கொண்ட இவர்களுள் கிறித்தவர் பலர். எழுத்தராகவும், வரி வசூலிப்பவராகவும், காவலராகவும், படைவீரராகவும் இவர்கள் கொச்சின்சீனாவுக்குக் கப்பலேறினர். ஆகவே அம்மண்ணில் போர் மூண்டபோது, அதன் ஒலி இங்கும் கேட்டது.

போரின் தொடக்கமே நம்மைத் தலைகுனியச் செய்வது. இந்தோசீனாவின் பிரெஞ்சு உயர் ஆணையர் தியெரி தார்ழான்லியோ கப்பற்படைத் தளபதி மட்டுமல்லர். கார்மேல் சபைத் துறவியும்கூட. 1946 மார்ச் 6-இல் ஹோ சி மின்னுடன் பிரான்சு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அதன் மை உலருமுன், ஜூன் 1-ஆம் நாள், கொச்சின்சீனாவைத் தனிக் குடியரசாக அறிவித்தார் இவர். நவம்பர் 23-இல் ஹைபோங் நகர மக்கள் வாழ்ந்த பகுதிகள்மீது பீரங்கிகள் முழங்கின. அப்போது உயர் ஆணையர் பாரிசில் இருந்தார் என்பது உண்மையே; ஆயினும் அந்த நாளுக்கு இட்டுச்சென்ற கொள்கை அவருடையது. டிசம்பர் 19-இல் ஹனோயில் போர் வெடித்தது.

அன்று முதல் அரசியலாளர் பேசிய சொற்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். முதலில், அதைப் 'போர்' என்று அழைக்கவே அவர்கள் மறுத்தனர். போர் முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. 'அமைதிப்படுத்துதல்' என்பதே அதற்கு அவர்கள் இட்ட பெயர். அமைதி என்னும் புனிதமான சொல் அழிவின் பெயராக மாறிய முதற்படி அது.

அடுத்து, 'பேசத் தயார், ஆனால் பேசத் தகுதியுள்ளவர் வேண்டும்' என்றனர். போரிடுபவரோடு பேச மறுத்து, பேச இசைபவரைத் தேடினர். அவ்வாறு தேடி முன்னாள் பேரரசர் பாவோ தாயைக் கண்டெடுத்து, 1949 மார்ச் 8-இல் அவரோடு ஓர் உடன்படிக்கை செய்தனர். சண்டை ஒருவரோடு, சமாதானம் வேறொருவரோடு. இதனால் போர் எப்படி ஓயும்?

மூன்றாவதாக, காரணமே மாறியது. பேரரசின் மாண்பைக் காக்கத் தொடங்கிய போர், 1950-இல் கொரியப் போர் மூண்டபின், பொதுவுடைமையிலிருந்து உலகைக் காக்கும் போராக உருமாறியது. 1951 செப்டம்பரில் படைத்தலைவர் டி லாத்ர் அமெரிக்கா சென்று, இது குடியேற்றப் போர் அன்று என்று வாதாடினார். அமெரிக்கப் பணம் பெருகி வந்தது. 1954-இல் செலவின் முக்கால் பங்களவுக்கு அதுவே ஈடுகொடுத்தது. ஒரு போரின் நோக்கம் மாறிக்கொண்டே போக, போர் மட்டும் மாறாமல் தொடருமானால், அந்த நோக்கங்களை ஐயுறுவது அறிவுடைமை.

நான்காவது சொல் 'கௌரவம்'. வெல்ல முடியும் என்ற நம்பிக்கை தேய்ந்த பின், கௌரவமாக வெளியேற வேண்டும், அதற்கு இன்னும் ஒரு வெற்றி வேண்டும் என்றனர். 1953-இல் படைத்தலைமை ஏற்ற நவார் இதற்காகவே ஒரு திட்டம் வகுத்தார். அத்திட்டத்தின் ஆண்டிலேயே, நவம்பர் 20-ஆம் நாள், தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் படைகள் வான்குடைகளில் இறக்கப்பட்டன. பேச்சுவார்த்தை மேசையில் வலிமையோடு அமர்வதற்கான அந்த ஒரு வெற்றி, 1954 மே 7-இல் முழுத் தோல்வியாக முடிந்தது. இந்தோசீனா குறித்த பேச்சு ஜெனீவாவில் தொடங்கியது அதற்கு மறுநாள்.

இச்சொற்களைப் பேசியவர் யார்? இக்கேள்வி நமக்கு வலிக்கும். அந்நாளைய பிரான்சில் கிறித்தவச் சனநாயகக் கட்சியான எம்.ஆர்.பி. செல்வாக்கோடு விளங்கியது. போர் ஆண்டுகளில் இந்தோசீனப் பொறுப்புப் பெரும்பாலும் அக்கட்சியினரின் கையில் இருந்தது. பிரதமராகவும் அயலுறவு அமைச்சராகவும் பணியாற்றிய ழோர்ழ் பிதோ, நாசிகளின் பிடியிலிருந்த பிரான்சில் எதிர்ப்பியக்கத் தேசியப் பேரவைக்குத் தலைமை தாங்கியவர். தம் நாட்டின் விடுதலைக்காக உயிரைப் பணயம் வைத்த நல்ல கத்தோலிக்கர், பிறர் நாட்டின் விடுதலைக் குரலைக் கேட்கத் தவறினார். இங்கு இடங்கொடுத்தால் வட ஆப்பிரிக்காவும் கைநழுவும் என்பது அவரைப் போன்றோரின் அச்சம்.

எனினும் திருச்சபையின் மக்கள் அனைவரும் வாய்மூடி இருக்கவில்லை. பிரெஞ்சுக் கத்தோலிக்க வார இதழான 'தெமுவாஞாழ் கிரெத்தியேன்', 1949 ஜூலையில், இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படையினர் கைதிகளை வதைத்ததை வெளியிட்டது. நாட்டுப்பற்று அற்றவர் என்ற வசைக்கு அஞ்சாமல் ஒரு கத்தோலிக்க ஏடு உண்மையை அச்சிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

மக்கள் விரும்பாத போர் தொடர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கட்டாயப் படைச்சேவையில் இருந்த பிரெஞ்சு இளைஞர்களை அரசு இந்தோசீனாவுக்கு அனுப்பவில்லை. தொழில்முறைப் படைவீரர், அயல்நாட்டவர் படையினர், மொராக்கோ, அல்ஜீரியா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய நாடுகளின் மக்கள், வியட்நாமியர் ஆகியோரே போரிட்டனர். நம் புதுச்சேரிப் பகுதியின் சொல்தாக்களும் அவர்களுள் இருந்தனர். வாக்களிப்பவரின் பிள்ளைகள் சாகாதபோது, பேச்சு எளிதாகிறது, கைதட்டலும் எளிதாகிறது. பிரெஞ்சு ஒன்றியத்தின் பக்கம் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். வியட்நாம் மக்களின் இழப்போ அதனினும் பன்மடங்கு.

லூக்கா நற்செய்தியில் நம் ஆண்டவர் ஓர் அரசரைப் பற்றிச் சொல்கிறார். பதினாயிரம் பேருடன் இருபதினாயிரம் பேரை எதிர்க்க முடியுமா என்று அவர் முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறார். முடியாதெனில், பகைவர் தொலைவில் இருக்கும்போதே தூதரை அனுப்பி அமைதிக்கான வழியைத் தேடுகிறார். சீடராவதன் விலையை உணர்த்தவே இவ்வுவமை சொல்லப்பட்டது. ஆனால் இதன் உலகியல் அறிவும் பொய்யன்று.

பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அவ்வாறு உட்கார்ந்து எண்ணியவர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு யூதர். பெயர் பியேர் மாந்தேஸ் பிரான்ஸ். 1950 அக்டோபரில், காவோ பாங் பகுதியில் பெருந்தோல்வி நேர்ந்த அதே மாதத்தில், அவர் அவையில் எழுந்து கணக்கைச் சொன்னார். வெல்ல வேண்டுமானால் படையையும் பணத்தையும் பன்மடங்காக்க வேண்டும். அதற்கு மனமில்லையெனில் எதிரியோடு பேச வேண்டும். மூன்றாம் வழி இல்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். அவை கேட்டது, போர் தொடர்ந்தது.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து, 1954 ஜூனில், அதே அவை அவரைப் பிரதமராக்கியது. ஜூலை 20-க்குள் சமாதானம் காணாவிட்டால் பதவி விலகுவேன் என்றார் அவர். ஜூலை 21-இல் ஜெனீவாவில் கையொப்பங்கள் முடிந்தன. 1950-இல் கேட்க மறுத்த அறிவுரையை 1954-இல் ஏற்றுக்கொண்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் இறந்தவர்கள் எதற்காக இறந்தார்கள்? 'இதுவரை இறந்தவர்களின் தியாகம் வீணாகக்கூடாது' என்னும் பேச்சு எல்லாப் போர்களிலும் எழுவது. அதற்கு விடை இதுவே: இறந்தவரின் பெயரால் இன்னும் பலரைச் சாகவிடுவது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அக்கணக்கின் பலனை நம் மண்ணும் கண்டது. அதே மாந்தேஸ் பிரான்சின் ஆட்சியில்தான், 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடினர். வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர்; எண்மர் எதிர்த்தனர். நவம்பர் 1-ஆம் நாள் புதுச்சேரி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. நோணாங்குப்பம் ஒரு வெடிச்சத்தமும் இன்றிக் கொடி மாறியது. கௌரவம் குலையும் என்று அஞ்சிய பிரான்சின் கௌரவம் இங்குக் குலையவில்லை. அதன் மொழியும் பள்ளியும் இன்றும் இங்கே மதிக்கப்படுகின்றன.

ஆனால் அந்தச் சொற்கள் மடியவில்லை. அதே வியட்நாமில் அமெரிக்கா 'கௌரவமான சமாதானம்' என்று சொல்லிக்கொண்டு 1973 வரை போரிட்டது. நம் அண்டையில் இலங்கை அரசு 1995-க்குப் பின் நடத்திய போருக்குச் 'சமாதானத்துக்கான போர்' என்று பெயரிட்டது. அந்த ஆண்டு ஜூலை 9-இல் யாழ்ப்பாணத்து நவாலியில், புனித பேதுரு ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர்மீது குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்று கூறியவர்களை எரேமியா இறைவாக்கினர் ஏன் அவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பது நமக்கு இப்போது விளங்கும்.

திருத்தந்தை 23-ஆம் யோவான் 1963-இல் 'அவனியில் அமைதி' குறித்துச் சுற்றுமடல் எழுதியபோது, உண்மை, நீதி, அன்பு, விடுதலை ஆகிய நான்கின்மேல் அமைதியைக் கட்டினார். அவற்றுள் முதலில் நிற்பது உண்மை. பொதுநிலையினராகிய நாம் படை நடத்துவதில்லை, உடன்படிக்கை எழுதுவதுமில்லை. ஆயினும் சொற்களைக் கேட்கிறோம், வாக்களிக்கிறோம், கைதட்டுகிறோம். 'இன்னும் சிறிது காலம், இன்னும் ஒரு வெற்றி' என்று எந்தத் தலைவர் பேசினாலும், எத்தனை பேர், யார் வீட்டுப் பிள்ளைகள், எது வரை என்று அவரைக் கேட்பது நம் கடமை. அக்கேள்விக்கு விடை சொல்லாதவர் எண்ணிப் பார்க்காத அரசர்.