இடையர்களும் சம்பா கோவில் சுவரும்



நற்செய்தியாளர் நால்வரில் மத்தேயுவும் லூக்காவும்தான் ஆண்டவரின் பிறப்பை விரித்துச் சொல்கிறார்கள். மாற்கு யோர்தான் ஆற்றங்கரையில் தொடங்கிவிடுகிறார். பவுலடியாரோ கலாத்தியருக்கு எழுதும்போது, அவர் பெண்ணிடம் பிறந்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். திருச்சபை முதலில் அறிவித்தது சிலுவையையும் உயிர்ப்பையும்தான். அப்படியென்றால் பிறப்பு வரலாறு குடில் ஜோடனைக்கு மட்டும்தானா என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஞாயிறுதோறும் நாம் சொல்லும் நம்பிக்கை அறிக்கையைக் கவனியுங்கள். கன்னி மரியாவிடம் பிறந்தார் என்று சொன்ன கையோடு பிலாத்து வந்துவிடுகிறார். தீவனத் தொட்டி அதில் இல்லை. விடுதியில் இடம் கிடைக்காததும், இரவெல்லாம் கிடைக்குக் காவலிருந்த இடையர்களும் இல்லை. அவர்களை நமக்குக் காத்து வைத்திருப்பது லூக்காவின் பிறப்பு வரலாறு ஒன்றுதான். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

இன்றைய சம்பா கோவில் 1791இல் எழுந்தது. அதற்கு முன் சேசு சபைக் குருக்களின் கோவில் இருந்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபோது அதுவும் இடிபட்டது. ‘சென் போல்’ என்ற பிரெஞ்சுப் பெயர்தான் நம் வாயில் சம்பா ஆனது என்பார்கள். அந்தப் பழைய கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் ஒடுக்கப்பட்ட சமூகத்துக் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் மற்ற சாதியாரும் ஐரோப்பியரும். 1745 அக்டோபரில் அந்த எளிய மக்கள் குருவானவரிடம் போய், எங்களையும் சமமாக நடத்துங்கள் என்று முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கிறிஸ்தவர் அல்லர் என்பது நாம் நினைத்துப் பார்க்க வேண்டியது.

சுவர் நின்ற காலமெல்லாம் இரு பக்கத்தாரும் ஒரே விசுவாசத்தைத்தான் அறிக்கையிட்டார்கள். அந்த வாசகங்களில் சுவருக்குத் தடையாக ஒன்றுமில்லை. ஆனால் பெத்லகேம் அப்படி விடாது. செய்தி முதலில் போனது வயல்வெளியில் கிடந்தவர்களுக்கு. அவர்கள் நேரே தொட்டியருகே வந்து நின்றார்கள். அவர்களை எந்தப் பக்கம் நிறுத்துவது?

வீரமாமுனிவர் இதை உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. தமிழ்க் காப்பிய மரபு தன்னிகரில்லாத் தலைவனைக் கேட்கிறது. அவரோ 1726இல் இயற்றிய தேம்பாவணியில் தச்சுத் தொழிலாளியான சூசையப்பரைத் தலைவராக வைத்து, ‘வளன்’ என்று பெயரிட்டு, 3615 பாடல்கள் பாடினார். தாவீது குலம் என்றாலும் கையில் இருந்தது உளிதான். அந்த நூல் 1850களில் அச்சேறியதும் நம் புதுச்சேரி மிஷன் அச்சுக்கூடத்தில்தான்.

நம் ஊர்ச் சுவர் இடிந்தும் வழக்கம் சாகவில்லை. வடக்கன்குளம் கோவிலின் தடுப்புச் சுவர் 1910இல்தான் அகற்றப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் இன்றும் தனித்தனிப் பகுதி வைத்திருக்கும் பங்குகள் தமிழகத்தில் உண்டு. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் அங்கேயும் வாசிக்கப்படுவது லூக்கா இரண்டாம் அதிகாரம்தான்.