வெறுங்கால் ஓட்டம்

காலணியின்றி ஓடும் முறை. முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் ஊன்றுவதும், காலடி வீச்சு குறுகுவதும் இதன் இயல்புகள். வெறுங்காலுடன் ஓடிப் பழகியோரிடம் இவ்வூன்றல் மிகுந்திருப்பதை ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழு 2010இல் வெளியிட்டது. எத்தியோப்பிய ஓட்டவீரர் அபேபே பிக்கிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலுடன் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார்.

தரைக்கேற்பப் பழக்கம் மாறும். மலேசியாவின் உலு யாம் போன்ற வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் செம்மண் சாலை மழையில் வழுக்கும். தார்ச்சாலை நண்பகலில் சுடும். செம்பனை நிரைகளில் மட்டை முள் குத்தும். திடல் புல் மென்மையானது, ஆனால் கண்ணாடிச் சில்லை மறைப்பதால் நம்பத்தக்கதன்று. அசுத்தமான ஈரமண்ணில் கொக்கிப்புழு தோல்வழி நுழையலாம். ஓடிப் பழகுகையில் பாதத்தோல் விரைவில் தடிக்கும், ஆனால் கெண்டைத்தசையும் குதிகால் தசைநாணும் வலுப்பெற மாதங்களாகும். எனவே நடையில் தொடங்கித் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நீரிழிவால் பாத உணர்வு குன்றியோர் வெறுங்கால் ஓட்டத்தைத் தவிர்க்க வேண்டும்.