மதிப்பெண் இல்லாத ஒரு நிமிடம்

ட்ரம் கோர் என்ற பெயர் பலருக்கும் புதிதாக இருக்கலாம். பித்தளைக் குழல்கள், முரசுகள், கொடி சுழற்றுவோர் என நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள், அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் வாசிக்கும் கலை அது. முதல் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் சங்கங்களின் ஆதரவில் வளர்ந்தது. பின்னர் குழுக்களே சேர்ந்து ட்ரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் நடந்தது.

இந்தக் குழுக்கள் நிகழ்ச்சி தொடங்கும் முன் மைதானத்தில் நின்று வாசித்த வார்ம்-அப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஏன் தேவைப்பட்டது?

குழலுக்குள் இருக்கும் காற்று சூடானால் சுருதி ஏறும், குளிர்ந்தால் இறங்கும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடுவதே காரணம். அரங்கத்துக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் கச்சிதமாகச் சுருதி சேர்த்த குழு, வாசலில் சிறிது நேரம் காத்திருந்தாலே எல்லாம் கலைந்துவிடும். வாசிப்பவரின் உதடும் ஆறிப்போகும்.

தூரம் இன்னொரு சிக்கல். மைதானத்தின் நீளம் 100 கெஜம். ஒரு முனையில் எழும் ஒலி மறுமுனையைச் சேர கால் வினாடிக்கு மேல் ஆகும். எதிரொலியோ அரங்கத்துக்கு அரங்கம் மாறும். இதையெல்லாம் வெளியில் நின்று தெரிந்துகொள்ள முடியாது. நிற்கிற இடத்திலேயே ஒருமுறை சேர்ந்து ஊதிப் பார்த்தால்தான் புரியும்.

கோட்டிலிருந்து மைதானத்துக்குள்

பழைய போட்டிகளில் குழு மைதானத்தின் ஓரத்தில் தொடக்கக் கோட்டில் அணிவகுத்து நிற்கும். அங்கிருந்து வாசித்துக்கொண்டே உள்ளே வரும். நடுவர்கள் கண்ணில் படும், காதில் விழும் ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழிப்பார்கள். 1984-ல்தான் இந்தக் கழித்தல் முறை கைவிடப்பட்டது.

தொடக்கக் கோடு வழக்கொழிந்தபோது குழுக்கள் மைதானத்துக்குள்ளேயே இடம் பிடித்து நின்று தொடங்கின. 1980களின் தொடக்கத்தில் மரிம்பா, சைலோபோன் போன்ற கருவிகளை மைதானத்தின் முன் ஓரத்தில் நிறுத்தி வாசிக்க அனுமதி கிடைத்தது. அவற்றைத் தள்ளி வந்து நிறுத்தும் இடைவெளியில் குழல்கள் ஒலித்தன. அறிவிப்பாளர் குழுவின் பெயரைச் சொல்லும் வரை அந்த இசைக்கு மதிப்பெண் கிடையாது!

அடையாளமாக மாறிய இசை

சுருதி பார்க்க ஒரு நீண்ட ஸ்வரம் போதும். ஆனால் குழுக்கள் அதோடு நிற்கவில்லை. கலிஃபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸ் குழுவின் 'ஸ்பேஸ் கார்ட்ஸ்' வார்ம்-அப்பைக் கேட்கவே ரசிகர்கள் கூடுவார்கள். இல்லினாயின் ஃபான்டம் ரெஜிமென்ட் என்றால், 1850-ல் அரங்கேறிய வாக்னரின் 'லோஹன்கிரின்' ஓபராவில் வரும் எல்சாவின் ஊர்வல இசை நினைவுக்கு வரும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போட்டி நிகழ்ச்சி ஆண்டுதோறும் மாறும். உறுப்பினர்களும் 22 வயதை ஒட்டி விலகியாக வேண்டும். இப்படி ஆளும் மாறி, நிகழ்ச்சியும் மாறும் குழுவில் மாறாமல் நின்றது இந்தச் சிறு இசைதான். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆடியவரும் இன்று ஆடுபவரும் சேர்ந்து வாசிக்கக்கூடியது அது.

பிறகு என்ன ஆனது?

2004-ல் ஒலிபெருக்கிகளுக்கும் 2009-ல் மின்னணுக் கருவிகளுக்கும் அனுமதி வந்தது. நிகழ்ச்சிக்கு முந்தைய நிமிடங்களில் வயர்களை இணைப்பதும் ஸ்பீக்கர்களைச் சோதிப்பதும் சேர்ந்துகொண்டன. அரங்கப் பொருட்களும் பெருகின. பார்வையாளரைக் கதைக்குள் இழுக்க அந்த நிமிடங்களையே முன்காட்சியாகப் பல குழுக்கள் வடிவமைத்தன. அதனால் சுருதி சேர்ப்பது பெரும்பாலும் அரங்கத்துக்கு வெளியே நகர்ந்தது. இப்போதும் ரசிகர்கள் போட்டி நாளில் வண்டி நிறுத்துமிடத்தில் குழுவைச் சுற்றி நின்று கேட்கிறார்கள்.

நிகழ்ச்சி இதனால் செழுமையானது உண்மை. ஆனால் மைதானத்துக்குள் இன்று ஒலிப்பது ஏறக்குறைய எல்லாமே நடுவரையும் மனதில் வைத்துச் செய்யப்படுவது. அந்தப் பழைய வார்ம்-அப் ஒலித்தபோது, மேலே உட்கார்ந்திருந்த நடுவரும் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம்.