கனம் என்றால் கடவுள்: 'காவோத்' என்ற ஒரு சொல்லின் கதை

தமிழில் 'கனம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மூட்டை கனமாக இருக்கிறது என்போம். நீதிபதியை 'கனம் நீதிபதி அவர்களே' என்றும் அழைப்போம். எடையும் மரியாதையும் ஒரே சொல்லில்! எபிரேய மொழியிலும் அப்படியே ஒரு சொல் இருக்கிறது. 'காவோத்' என்பது அது. 'காவேத்' என்றால் கனமானது. அதே வேரிலிருந்து பிறந்த 'காவோத்' என்றால் மதிப்பு, மாட்சி. பத்துக் கட்டளைகளில் பெற்றோரைப் பற்றிய கட்டளையிலும் இதே வேர்தான் வருகிறது. தமிழ் விவிலியம் அங்கே 'கனம்பண்ணு' என்று மொழிபெயர்த்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ஆனால் கடவுளைப் பற்றிப் பேசும்போது அதே விவிலியம் 'மகிமை' என்கிறது. அதனால் அந்த எடை நம் காதில் விழுவதில்லை.

பழைய எபிரேய நூல்களில் கடவுளின் காவோத் வெறும் புகழ்ச்சிச் சொல் அல்ல. அது ஓர் இடத்தில் வந்து இறங்கும், இடத்தை நிரப்பும். யாத்திராகமத்தின் கடைசி அதிகாரத்தில் மேகம் கூடாரத்தை மூட, மோசேயால் கூட உள்ளே போக முடியவில்லை. சாலொமோன் எருசலேம் கோயிலைத் திறந்து வைத்தபோதும் இதே கதை. மேகம் நிரம்பியதால் ஆசாரியர்களால் நின்று ஊழியம் செய்ய முடியவில்லை. ஒரு கனமான பொருள் உள்ளே வந்துவிட்டால் மற்றவர்களுக்கு இடம் ஏது?

சரி, இப்படி ஓர் இடத்தில் குடியிருக்கும் கடவுளுக்கு ஓர் ஆபத்து உண்டு. அந்த இடமே பறிபோனால்?

இந்தக் கேள்வி முதலில் சாமுவேலின் முதல் புத்தகத்தில் எழுகிறது. பெலிஸ்தரோடு நடந்த போரில் உடன்படிக்கைப் பெட்டி பறிபோகிறது. செய்தி கேட்ட முதிய ஆசாரியர் ஏலி இருக்கையிலிருந்து விழுந்து இறக்கிறார். அவர் உடல் 'கனமானவர்' என்கிறது நூல். அங்கே வரும் சொல் காவேத். சில வரிகள் தள்ளி, அவருடைய மருமகள் பிரசவ வேதனையில் பிள்ளைக்கு 'இக்கபோத்' என்று பெயரிடுகிறாள். காவோத் இல்லை, மகிமை போய்விட்டது என்று பொருள். எழுதியவர் தெரிந்தேதான் இந்தச் சொல் விளையாட்டைச் செய்திருக்க வேண்டும்.

ஆனால் பெரிய அடி பின்னால் விழுந்தது. கி.மு. 597-இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசன் யோயாக்கீனையும் பலரையும் சிறைப்பிடித்துக் கொண்டு போனான். யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு எழுதிய களிமண் பலகைகள் பாபிலோனிலேயே கிடைத்திருக்கின்றன. கி.மு. 586 வாக்கில் கோயிலும் எரிக்கப்பட்டது.

அந்தக் காலத்து வழக்கப்படி இதற்கு ஒரே அர்த்தம்தான். தோற்ற நாட்டின் தெய்வம் தோற்றுவிட்டது. இல்லையென்றால் தெய்வம் கோபித்துக் கொண்டு நகரை விட்டுப் போய்விட்டது. கி.மு. 689-இல் அசீரியர்கள் பாபிலோனை அழித்த பிறகு, எசரத்தோன் என்ற அசீரிய மன்னனின் பதிவுகள் இந்த இரண்டாவது விளக்கத்தைத்தான் சொல்கின்றன. மர்துக் கோபம் கொண்டான், நகரம் அழிந்தது என்று.

கைதிகளில் ஒருவர் எசேக்கியேல். ஆசாரியர் குலம். கோயில் இல்லாத ஊரில் ஓர் ஆசாரியருக்கு என்ன வேலை? கி.மு. 593-இல் கேபார் நதியோரத்தில் அவர் ஒரு காட்சி காண்கிறார். நெருப்பு, நான்கு உயிர்கள், சக்கரங்கள், மேலே ஒரு சிங்காசனம். சிலர் இதைப் பறக்கும் தட்டு என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க மறந்தது அந்தச் சக்கரங்களின் அர்த்தத்தை. காவோத்துக்குச் சக்கரம் இருக்கிறது! அது எருசலேமில் நட்டுவைத்த தூண் அல்ல. கைதிகள் இருக்கும் இடத்துக்கும் வரும்.

அடுத்து வரும் அதிகாரங்களில் காவோத் கோயிலை விட்டு வெளியேறுகிறது. ஒரேயடியாக இல்லை. முதலில் வாசற்படி, பிறகு கிழக்கு வாசல், பிறகு நகரத்துக்குக் கிழக்கே உள்ள மலை. போக மனமில்லாதவர் வாசலில் நின்று நின்று போவது போல. ஆக, நேபுகாத்நேச்சாரின் படை எரித்தது ஏற்கெனவே காலியான வீட்டை. கி.மு. 573-இல் கண்ட காட்சியில் அது அதே கிழக்கு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

கி.மு. 515-இல் இரண்டாம் கோயில் கட்டி முடிந்தது. ஆனால் மேகம் வந்து நிரப்பியது என்று எஸ்றாவின் புத்தகம் எங்கும் சொல்லவில்லை. பெட்டியும் இல்லை. கி.மு. 63-இல் ரோமானியத் தளபதி பாம்பே மகா பரிசுத்த அறைக்குள் நுழைந்தபோது அங்கே தெய்வச் சிலை எதுவும் இருக்கவில்லை.

கி.பி. 70-இல் ரோமானியர் அந்தக் கோயிலையும் அழித்தனர். அதன்பின் யூத ரபிகள் 'ஷெகினா' என்ற சொல்லை அதிகம் பயன்படுத்தினர். குடியிருப்பு என்று பொருள். பலரும் நினைப்பது போல இந்தச் சொல் எபிரேய விவிலியத்தில் இல்லை. 'குடியிரு' என்ற வினைச்சொல் மட்டுமே உண்டு. இஸ்ரவேலர் எங்கெல்லாம் நாடு கடத்தப்பட்டார்களோ அங்கெல்லாம் ஷெகினாவும் கூடவே போனது என்று தல்மூத் சொல்கிறது. எசேக்கியேல் கண்ட சக்கரங்கள் அப்போதும் உருண்டு கொண்டுதான் இருந்தன.

பாபிலோன் இன்று இடிபாடு. மர்துக்கைக் கும்பிட ஆளில்லை. கட்டடத்தை இழந்த சிறு கூட்டம் மட்டும் தன் கடவுளை இழக்கவில்லை. கனமான ஒன்றை நகரக்கூடியதாக நினைத்துப் பார்த்த அந்தத் துணிவு அதற்கு ஒரு முக்கியக் காரணம்.