கஞ்சமலையைத் தட்டிப் பார்த்தவர்கள்

செட்டிநாட்டுப் பெருவீடுகளைக் காண வருவோர் பர்மா தேக்கையும், ஆத்தங்குடித் தளவரிசையையும், இத்தாலியச் சலவைக்கல்லையும் வியந்து பேசுவர். முகப்பில் நிற்கும் மெலிந்த வார்ப்பிரும்புத் தூண்களையும் மேல்மாடியைத் தாங்கும் இரும்பு உத்திரங்களையும் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இவற்றுள் பல இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவை. காரைக்குடியிலிருந்து ஒரு பகல் பயணத்தில் எட்டிவிடக்கூடிய சேலத்தில் மலை மலையாக இரும்புத் தாது கிடக்க, செட்டிநாட்டு வீட்டுக்கு இரும்பு ஏன் ஏழு கடல் தாண்டி வரவேண்டியிருந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், இருநூறு ஆண்டுகளாக நம் மலைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தவர்களின் வரலாறு நம் முன் விரிகிறது.

முதலில் நம் சொந்த மண்ணைச் சற்று நோக்குவோம். சிவகங்கை, திருப்பத்தூர், காரைக்குடி வட்டாரங்களில் கிணறு வெட்டுவோருக்குச் செம்புறாங்கல் புதியதன்று. அதன் சிவப்பு இரும்பின் சிவப்பே. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் அக்கால மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களை ஆய்ந்து எழுதிய நூலை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை 1883இல் வெளியிட்டது. பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்நாட்டுத் தொல்மாந்தர் வரலாற்றுக்கு வாயில் திறந்தவரும் இவரே. மண்ணில் இரும்பு இருப்பது வேறு, அது தாதுவாகத் தோண்டத் தகுதி பெறுவது வேறு. நம் செம்புறாங்கல் ஊர்க் கொல்லனின் உலைக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம்; ஆலைக்குப் போதாது.

தாது தேடுவோர் எவ்வாறு தேடுகின்றனர் என்பதை வாசக அன்பர்கள் அறிந்துகொள்வது நலம். ஓடைப்படுகையில் கிடக்கும் கனத்த கருங்கற்களைக் கையிலெடுத்து எடை பார்ப்பர். அவை எங்கிருந்து உருண்டு வந்தன என்று ஓடையின் மேற்புறமாக நடந்து செல்வர். காந்தத் தாது என்றால் திசைகாட்டியின் முள்ளே தடுமாறிக் காட்டிக்கொடுத்துவிடும். பாறையின் வெளித்தோற்றம் எத்திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்வாக நிலத்துக்குள் இறங்குகிறது என்று அளந்து வரைபடத்தில் குறிப்பர். பிறகு குழிகள், அகழிகள். அதன் பிறகே துளையிடும் கருவி. ஒவ்வொரு படியிலும் 'இது போதாது' என்று கைவிடப்படும் இடங்களே மிகுதி. இன்று இந்திய அரசு இப்படிகளை ஜி4 முதல் ஜி1 வரை நான்காக வகுத்துள்ளது. ஜி4 என்பது வெறும் முன்னோட்டம். ஆனால் அந்த முன்னோட்டத்திலேயே ஓர் ஊரின் தலையெழுத்து வரைபடத்தில் ஏறிவிடுகிறது.

யோபு நூலின் 28ஆம் அதிகாரத்தை எழுதியவர் சுரங்கத் தொழிலை நேரில் கண்டவராகவே இருத்தல் வேண்டும். இரும்பு மண்ணிலிருந்து எடுக்கப்படுவதையும், மனிதர் ஆளரவமற்ற இடங்களில் குழி தோண்டிக் கயிற்றில் ஊசலாடுவதையும் அவர் அறிந்திருக்கிறார். தேடுவோரின் திறமையை அவர் இகழவில்லை, வியக்கவே செய்கிறார். ஞானத்தை எங்கே தோண்டுவது என்ற கேள்வியை அதன் பின்னரே எழுப்புகிறார்.

சேலம் நகருக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலை, சித்தர் கோயிலால் நம் மக்களுக்குத் தெரிந்த மலை. கஞ்சம் என்னும் சொல்லுக்கு வெண்கலம் என்றும் ஒரு பொருள் உண்டு. மலைக்குள் இருப்பதோ இரும்பு. காந்தத் தாதுவும் வெண்கற்படிகமும் மாறி மாறி அடுக்கிய பட்டைகள் இம்மலையைச் சுற்றி ஓடுகின்றன. தீர்த்தமலை, கொல்லிமலை, திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை ஆகியவற்றிலும் இவ்வகைத் தாது உண்டு. அதில் இரும்பின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடு. பெல்லாரியிலும் ஒடிசாவிலும் 60 விழுக்காட்டைக் கடந்த தாது கிடைக்கிறது என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இத்தாதுவை வெள்ளையர் வந்து கண்டுபிடித்தனர் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது சரியன்று. சென்னிமலையை அடுத்த கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு செய்த உலைகளும் வெளிப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளைத் தாழியில் கிடைத்த கரியை ஆய்ந்து, கி.மு. 3345 வரை இரும்பின் தொன்மை செல்வதாகத் தமிழக அரசு 2025 ஜனவரி 23 அன்று அறிவித்தது. இக்காலக் கணிப்புகளை அறிஞர்கள் இன்னும் விவாதிக்கலாம்; ஆனால் தாதுவை அறிந்து, எடுத்து, உருக்கிய கைகள் இம்மண்ணின் கைகள் என்பதில் விவாதம் இல்லை. ஓர் ஆள் உயரக் களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, கரி, சலித்த தாதுமணல் ஆகியவை போதும். அவர்கள் தேடியதற்கு அறிக்கை இல்லை. உலைமேட்டுச் சிட்டம்தான் அவர்கள் விட்டுச்சென்ற ஏடு.

இனி, ஜோசையா மார்ஷல் ஹீத்தின் கதைக்கு வருவோம். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடிமைப் பணியில் இருந்தவர் இவர். சேலத்து இரும்பின் தரத்தைக் கண்டு மயங்கி, அரசுப் பணியைத் துறந்து, 1830ஆம் ஆண்டளவில் பறங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையையும், கடனுதவியையும், தரிசு நிலக் காடுகளில் மரம் வெட்டும் உரிமையையும் கம்பெனி அவருக்கு வழங்கியது. பறங்கிப்பேட்டையைத் தெரிந்தெடுத்ததன் காரணம் கடல். இரும்பு ஷெஃபீல்டுக்குப் போக வேண்டுமே! தாதுவோ நூறு மைலுக்கு அப்பால். வண்டியில் ஏற்றிக் காவிரிக்கரை சேர்த்து, பரிசலில் இறக்கி, கொள்ளிடம் வழியே வந்து, கால்வாய் வழியாக வெள்ளாற்றை அடைய வேண்டும். காவிரியில் நீர் உள்ள மாதங்களில் மட்டுமே இப்பயணம் கைகூடும்.

ஆனாலும் இரும்பு தரமானதாகவே வந்தது. பறங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்தில் நல்ல பெயர் பெற்றது. மெனாய் நீரிணையைக் கடக்கும் பிரிட்டானியா பாலத்தில் அது பயன்பட்டதாகக் கூறுவதுண்டு. சோழமண்டலக் கடற்கரையின் மீனவக் குப்பங்களுக்கு அருகே ஊதுலைகள் இரவெல்லாம் சிவந்து எரிந்த காட்சியை இன்று பறங்கிப்பேட்டைக்குச் செல்வோர் கற்பனையில்தான் காண இயலும். ஊரின் பெயரே நம்மவருக்குப் போர்த்துக்கீசியரை நினைவூட்டுவது, இரும்பை நினைவூட்டுவதில்லை.

ஹீத்தின் முயற்சி தாதுக் குறைவால் தோற்கவில்லை, கரியால் தோற்றது. நிலக்கரி அருகில் இல்லாததால் மரக்கரியே எரிபொருள். கரியின் எடையைப்போல் நாலைந்து மடங்கு விறகு வேண்டும். ஒரு டன் இரும்புக்கோ பல டன் கரி வேண்டும். அருகிலிருந்த காடுகள் தீர்ந்தன. கரி வரும் தொலைவு ஆண்டுதோறும் நீண்டது. செலவும் உடன் நீண்டது. சிவகங்கைச் சீமையார்க்கு வெட்டப்பட்ட காட்டின் கதை புதியதன்று. 1801இல் மருது சகோதரர்களைப் பிடிக்கும்பொருட்டுச் சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்க முயன்ற கம்பெனிப் படை, வாரக்கணக்கில் வெட்டியும் முடியாமல் கைவிட்டது. அடர்ந்த காடு படைக்கு ஈடு கொடுத்தது. ஊதுலைக்கு ஈடு கொடுக்கவில்லை. வேலி முள்ளும் விறகும் வெட்டி வாழ்ந்த எளியவர்களுக்கும், வீட்டுலையில் இரும்பு செய்த கொல்லர்களுக்கும் அக்காட்டில் என்ன மிஞ்சியது என்பதைக் கம்பெனியின் கணக்கேடுகள் சொல்லவில்லை.

ஹீத் இங்கிலாந்து திரும்பினார். எஃகு செய்கையில் மாங்கனீசைச் சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைக்கும் என்று கண்டு, 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு செழித்தது. அவரோ தம் உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1851இல் வறியவராக இறந்தார். பின்னர்க் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் முயற்சி தொடர்ந்தது. 1870களில் அதுவும் அணைந்தது. நகரத்தார் பெருவீடுகள் எழுந்த காலம் அதற்குப் பிறகுதான். தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: தாது இருந்தது, அதை உருக்கும் வழி இல்லை.

1892இல் தாமஸ் ஹாலந்து சேலத்து இரும்புத் தாதுக்களையும் இரும்புத் தொழிலையும் ஆய்ந்து அறிக்கை வெளியிட்டார். அவரைப் பற்றி ஒரு சிறு செய்தி. சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் உள்ள கரும்பாறைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டவர் அவரே. கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அப்பாறையால் ஆனது என்பதால் அப்பெயர். தோமையார் மலையடிப் பாறைக்கு, கல்கத்தாவில் துஞ்சும் வணிகர் ஒருவரின் பெயர்! நம் பாறைகளுக்கு நம் பெயர் வாய்க்கவில்லை.

சேலத்துக்கு வாய்க்காதது வங்கத்துக்கு மேற்கே வாய்த்தது. நிலவியல் ஆய்வுத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பிரமத நாத் போஸ், மயூர்பஞ்சு அரசில் கோருமகிசானி மலையின் தாதுவைக் கண்டு, 1904இல் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதம் எழுதினார். ஜாரியாவின் நிலக்கரி எட்டும் தொலைவில் இருந்தது. 1907இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம் பதிவாயிற்று. 1912இல் எஃகு வார்க்கப்பட்டது. ஒரு கடிதம் ஒரு நகரத்தை உண்டாக்கியது. அம்மலைகளில் பரம்பரையாக இரும்பு உருக்கியும் வேளாண்மை செய்தும் வாழ்ந்த பழங்குடியினர் அந்நகரத்தில் கூலிகளாகப் புகுந்தனர் என்பதும் அதே வரலாற்றின் மறுபக்கம்.

விடுதலைக்குப் பின் சேலத்தின் நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு கஞ்சமலைத் தாதுவை உருக்க இயலுமா என்று ஆராய்ந்தனர். சேலம் உருக்காலை தமிழரின் தன்மானக் கோரிக்கையாயிற்று. 1967 ஜூலையில் அறிஞர் அண்ணா ஆட்சியில் அதற்காக எழுச்சி நாள் கொண்டாடப்பட்டது. 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. ஆனால் 1981இல் இயங்கத் தொடங்கியபோது அது, வெளியிலிருந்து வரும் எஃகுச் சுருளைத் தகடாக உருட்டித் தரும் ஆலையாகவே அமைந்தது. கஞ்சமலையின் நிழலில் நின்றும் கஞ்சமலையின் தாதுவை அது தொடவில்லை. நிலம் கொடுத்த உழவர்கள் மலையின் இரும்புக்காகக் கொடுத்ததாக நினைத்தனர். இரும்போடு நம் காரைக்குடிக்கு உள்ள உறவும் இதே போன்றதொரு விந்தை: அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இரும்பு துருப்பிடிப்பதை ஆராய்வதில் பெயர் பெற்றது.

2005க்குப் பின் தேடல் திருவண்ணாமலைக்குத் திரும்பியது. கவுத்திமலை, வேடியப்பன்மலைக் காப்புக்காட்டில் 325 ஹெக்டேர் கேட்கப்பட்டது. சுற்றியிருந்த ஊர்மக்கள் திரண்டு எதிர்த்தனர். மலையில் ஆடு மேய்ப்பவரும், ஓடை நீரால் கிணறு நிறையும் உழவரும், வேடியப்பனை வணங்குவோரும் அதில் இருந்தனர். அம்மலைகள் இன்றும் தோண்டப்படவில்லை.

இத்தகைய செய்தி நம் எல்லைக்கே வந்துவிட்டது. சிவகங்கை மாவட்டத்தை ஒட்டிய மேலூர் வட்டத்தில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015 ஹெக்டேர் 2024 நவம்பரில் ஏலம் போனது. நிலவியல் துறையின் ஆய்வில் டங்ஸ்டன் தென்பட்ட இடம் அது. அதற்குள் 2022இல் உயிரிப் பல்வகைமை மரபிடமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அடங்கியிருந்தது; சமணர் படுக்கைகளும், பிராமிக் கல்வெட்டும், குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஊர் ஊராக மக்கள் நடந்தே மதுரைக்குச் சென்றனர். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை நீக்கியது. சென்னையில் இரும்பின் தொன்மை அறிவிக்கப்பட்டதும் அதே நாள் என்பது தற்செயலே.

மேற்சொன்ன இடங்களில் எங்கும் முதல்நிலை ஆய்வின்போது ஊரைக் கேட்கும் வழக்கம் இருந்ததில்லை. ஆய்வறிக்கையில் பாறையின் நீளத்துக்கு ஒரு கட்டம் உண்டு, தடிமனுக்கு ஒன்று, தரத்துக்கு ஒன்று. மேய்ச்சலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் கட்டம் இல்லை. இதற்காக நிலவியலாளரை நாம் குறை கூற மாட்டோம்; தமக்கிட்ட வேலையை அவர் செய்கிறார். ஹீத்தையும் தீயவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குறை, கேட்கவேண்டிய கேள்வியைக் கடைசிப் படிக்குத் தள்ளிவைக்கும் ஏற்பாட்டில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கை, சுரங்கத்துக்கு அனுமதி கோரும் கட்டத்தில் மக்கள் கருத்துக்கேட்பை வைத்தது. 2025 செப்டம்பரில், முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றுக்கு அந்தக் கருத்துக்கேட்பிலிருந்தும் மத்திய அரசு விலக்கு அளித்தது. தமிழக அரசு அதை எதிர்த்தது.

2023இல் வெளியான அப்பட்டியலில் முப்பது கனிமங்கள் உள்ளன. இரும்பு அதில் இல்லை. டங்ஸ்டன் உண்டு. சிவகங்கையை அடுத்த புதுப்பட்டி, குமாரப்பட்டிப் பகுதிகளில் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுத்துவரும் கிராஃபைட்டும் உண்டு.