சிரைவழி ஊட்டமும் பித்தத் தேக்கமும்: குறைமாதக் குழந்தைகளின் கல்லீரல் நோய்க்குக் காரணம் தேடிய அரை நூற்றாண்டு (1968–2018)

1. ஆய்வுப் பொருள்

ஒரு கிலோவுக்கும் குறைவான எடையுடன் பிறக்கும் குழந்தைக்குப் பாலை உறிஞ்சவும் செரிக்கவும் உறுப்புகள் ஆயத்தமாக இருப்பதில்லை. உடலில் உள்ள சேமிப்போ சில நாள்களுக்கே போதும். அந்த இடைவெளியில் உயிரைக் காப்பது குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள் ஆகியவற்றை நேராக ரத்தத்தில் சேர்க்கும் சிரைவழி ஊட்டம். வாரக்கணக்கில் இது தொடரும்போது சில குழந்தைகளின் கல்லீரலில் பித்தம் தேங்குகிறது. ரத்தத்தில் நேரடி பிலிருபின் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டும், தோலும் கண்ணும் மஞ்சளாகும், மலம் வெளிறும். தடுக்காவிட்டால் நோய் சிரோசிஸ் வரை செல்லும்.

இந்நோய்க்குக் காரணம் தேடிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஊட்டத்தில் சேர்ந்திருந்தும் ஊட்டமாக எண்ணப்படாத பொருள்களும், ஊட்டத்தில் விடுபட்டதை யாரும் பொருட்படுத்தாத தேவைகளும் இந்த நோயில் பெரும் பங்கு வகித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. தொடக்கம்: பிலடெல்பியாவும் ஸ்டாக்ஹோமும்

குழந்தைக்கு முழு உணவையும் சிரைவழியே தரும் முயற்சி 1944-இலேயே பதிவாகியிருக்கிறது. நடைமுறைக்கு உகந்த முறையை உருவாக்கியவர்கள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர், ஹாரி வார்ஸ், ஜொனாதன் ரோட்ஸ் ஆகியோர். சிரைவழி ஊட்டத்தை மட்டுமே கொண்டு பீகிள் நாய்க்குட்டிகளை அவர்கள் வளர்த்துக் காட்டினர். பிறகு சிறுகுடல் பெரும்பகுதி உருவாகாமல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குப் பிலடெல்பியாவில் அதே முறையைக் கையாண்டனர். 1968-இல் வெளிவந்த அந்த அறிக்கை, வாய்வழி உணவே இல்லாமல் ஒரு குழந்தை வளர முடியும் என்பதை மருத்துவ உலகுக்கு முதன்முறையாக உறுதிப்படுத்தியது. செறிந்த குளுக்கோஸ் கரைசலைச் சிறு சிரைகள் தாங்கா. எனவே கதீட்டரை இதயத்துக்கு அருகிலுள்ள பெருஞ்சிரைக்குக் கொண்டுசென்றதே அவர்களது வெற்றிக்கு வழிவகுத்தது.

கொழுப்பின் கதை வேறு. அமெரிக்காவில் புழங்கிய பருத்திவிதை எண்ணெய்ப் பால்மம் நச்சு விளைவுகளால் 1960-களின் நடுவில் கைவிடப்பட்டது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயையும் முட்டைக்கருவின் பாஸ்போலிப்பிடையும் கொண்டு உருவாக்கிய இன்ட்ராலிப்பிட் 1960-களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவுக்கு அது வந்துசேர 1970-களின் நடுப்பகுதி ஆயிற்று.

3. முதல் எச்சரிக்கை

பெடன், விட்ஸ்லெபன், ஸ்கெல்டன் ஆகிய மூவரும் 1971-இல் ஒரு சுருக்கமான குறிப்பை வெளியிட்டனர். சிரைவழி ஊட்டம் பெற்று இறந்த ஒரு குறைமாதக் குழந்தையின் கல்லீரலை உடற்கூறாய்வு செய்தபோது பித்தத் தேக்கமும் பித்தநாளப் பெருக்கமும் சிரோசிஸின் தொடக்கமும் தென்பட்டன. 1979-இல் பீலும் அவருடைய குழுவினரும் 62 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்தனர். 1,000 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பித்தம் தேங்கியிருந்தது. எடை குறையக் குறைய, ஊட்டம் பெறும் காலம் நீள நீள ஆபத்து கூடியது.

இக்கண்டுபிடிப்பு காரணத் தேடலைக் குழந்தையின் உடலை நோக்கித் திருப்பியது. அதற்கு நியாயமும் இருந்தது. குறைமாதக் கல்லீரலில் பித்த அமிலங்களின் இருப்பு குறைவு. அவற்றை வெளியேற்றும் கடத்திகள் முதிர்ந்திருப்பதில்லை. குடலுக்கு உணவு செல்லாதபோது பித்தப்பையைச் சுருக்கும் ஹார்மோன்கள் சுரப்பதில்லை. கதீட்டர் வழியே நுழையும் கிருமிகளும், அழற்சியுற்ற குடலிலிருந்து ரத்தத்தில் கலக்கும் நச்சுகளும் பித்த ஓட்டத்தை மேலும் தளர்த்துகின்றன. இவை இன்றும் செல்லுபடியாகும் விளக்கங்கள். ஆயினும் குழந்தையின் முதிராமையே காரணம் எனக் கொண்டால், மருத்துவருக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி மிஞ்சாது.

4. கரைசலின் மீது கேள்விகள்

தொடக்ககால ஊட்டங்களில் புரதம் சிதைக்கப்பட்ட கேசினாகவோ ஃபைப்ரினாகவோ தரப்பட்டது. தூய அமினோ அமிலக் கரைசல்கள் பின்னரே வந்தன. அவையும் பெரியவர்களின் தேவையை அளவுகோலாகக் கொண்டவை. பித்த அமிலங்களுடன் இணைந்து அவற்றைக் கரையச் செய்யும் டாரின் என்னும் அமினோ அமிலம் இக்கரைசல்களில் இல்லை. தாய்ப்பாலில் தாராளமாக உள்ள இப்பொருளைக் குறைமாதக் குழந்தையின் உடலால் போதிய அளவு தயாரிக்க இயலாது. டாரின் சேர்த்த குழந்தைக் கரைசல்கள் 1980-களில் வந்தன. ஊட்டத்தில் சேர்ந்து பித்தத்தின் வழியே வெளியேற வேண்டிய மாங்கனீசு, பித்தம் தேங்கும்போது உடலிலேயே தங்குகிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

மிகக் கொடிய பாடம் 1984-இல் கிடைத்தது. குறைமாதக் குழந்தைகளுக்கென்று சிரைவழியே செலுத்தும் ஈ-ஃபெரால் என்னும் வைட்டமின் ஈ தயாரிப்பு, உரிய மருந்து ஒப்புதல் இல்லாமலே அமெரிக்கச் சந்தைக்கு வந்திருந்தது. வைட்டமினைக் கரைக்க அதில் பாலிசார்பேட் சேர்க்கப்பட்டிருந்தது. வயிற்றில் நீர்கோத்தல், கல்லீரல் வீக்கம், மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு எனத் தொடர்ந்து 38 குழந்தைகளின் மரணங்கள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டன. வைட்டமின் என்பதால் கேள்வி கேட்கப்படவில்லை. கரைப்பானை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் குழந்தைகளின் மரணத்தை ஒரு காலத்தின் அறியாமை என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. எந்தப் பொருளையும் சோதித்தறியாமல் சிசுவின் ரத்தத்தில் செலுத்தக் கூடாது என்ற நெறி அப்போதும் இருந்தது; அது மீறப்பட்டது.

5. எண்ணெயில் மறைந்திருந்தது

1993-இல் லண்டனில் பீட்டர் கிளேட்டனும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வு தேடலைத் திசைதிருப்பியது. சிரைவழி ஊட்டத்தால் கடுமையான கல்லீரல் நோய்க்கு ஆளான குழந்தைகளின் ரத்தத்தில் தாவர ஸ்டெரால்கள் மிகுந்திருந்தன. வாயால் உண்ணும்போது குடல் இவற்றில் மிகச் சிறு பங்கையே உள்ளே விடுகிறது. சோயா எண்ணெயைச் சிரைவழியே செலுத்தும்போது அந்தக் காவல் முற்றிலும் தாண்டப்படுகிறது. கொழுப்பின் அளவைக் குறைத்தபோது சிலரிடம் கல்லீரல் தேறியது. பித்த அமில வெளியேற்றத்தை நெறிப்படுத்தும் எஃப்எக்ஸ்ஆர் என்னும் ஏற்பியை, தாவர ஸ்டெரால்களில் ஒன்றான ஸ்டிக்மாஸ்டெரால் தடுக்கிறது என 2007-இல் ஆய்வகச் சான்று வந்தது. 2013-இல் கொலராடோ ஆய்வாளர்கள் எலிகளில் இதைச் சோதித்தனர். மீன் எண்ணெய்ப் பால்மம் பெற்ற எலிகளுக்குக் கல்லீரல் பாதிப்பு வரவில்லை. அதனுடன் ஸ்டிக்மாஸ்டெரால் சேர்த்தபோது பாதிப்பு வந்தது.

இதற்கிடையே பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் மார்க் புடரும் மருந்தாளுநர் கேத்லீன் குராவும் ஒமேகாவென் என்ற ஜெர்மானிய மீன் எண்ணெய்ப் பால்மத்தைக் கையில் எடுத்திருந்தனர். தாவர ஸ்டெரால் இல்லாத, வைட்டமின் ஈ மிகுந்த தயாரிப்பு அது. கல்லீரல் நோய் முற்றிய இரு சிசுக்களுக்கு அதைத் தந்தபோது ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பித்தத் தேக்கம் நீங்கியதை 2006-இல் அறிவித்தனர். கல்லீரல் மாற்று அறுவைக்குக் காத்திருந்த பெற்றோருக்கு இது எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளின் பித்தத் தேக்கத்துக்காக அதற்கு ஒப்புதல் அளித்தது. சோயா, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, ஆலிவ், மீன் ஆகிய நான்கையும் கலந்த பால்மங்களும் பரவின.

6. சான்றுகளின் எல்லை

மீன் எண்ணெயே முழு விடை என்று முடிவுகட்ட வரலாறு இடம் தரவில்லை. முதலாவதாக, அமெரிக்காவில் சோயாப் பால்மம் பொதுப் பயன்பாட்டுக்கு வருமுன்பே பித்தத் தேக்கம் பதிவாகிவிட்டது. ஆகவே எண்ணெய் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. இரண்டாவதாக, பாஸ்டன் ஆய்வுகளில் மீன் எண்ணெய் நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 கிராம் தரப்பட்டது. ஒப்பிடப்பட்ட சோயாவோ 3 கிராம் வரை. நன்மை எண்ணெயின் வகையாலா, அளவின் குறைவாலா என்ற ஐயம் இதனால் எழுந்தது. ஆனால் 136 குறைமாதக் குழந்தைகளிடம் சோயாவின் அளவை மட்டும் குறைத்துப் பார்த்து 2016-இல் வெளிவந்த ஆய்வில் பித்தத் தேக்கம் குறையவில்லை. மூன்றாவதாக, பிலிருபின் இயல்புக்குத் திரும்பிய பிறகும் கல்லீரலில் நார்த்திசு எஞ்சுகிறது. வந்த நோயைத் தணிப்பதில் மீன் எண்ணெய்க்கு உள்ள அளவு உறுதியான சான்று, நோய் வராமல் தடுப்பதில் இல்லை.

7. முடிவு

இந்த அரை நூற்றாண்டு முழுவதும் மாறாமல் நின்ற முடிவு ஒன்று உண்டு: குடலுக்கு உணவு செல்வதே கல்லீரலுக்குச் சிறந்த காப்பு. 1980-களின் ஆய்வுகள், வளர்ச்சிக்குப் போதாத மிகச் சிறு அளவுப் பால்கூடக் குடல் ஹார்மோன்களைத் தூண்டுவதைக் காட்டின. ஆகவே சிரைவழி ஊட்டம் தொடங்கும் நாளிலேயே அதை விலக்கும் திட்டமும் தொடங்க வேண்டும்: இயன்ற முதல் நாளிலிருந்து தாய்ப்பால், கதீட்டர் தொற்றைத் தடுக்கும் கண்டிப்பான சுத்தம், தேவைக்கு மிஞ்சாத குளுக்கோஸும் கொழுப்பும், வாரந்தோறும் பிலிருபின் கண்காணிப்பு. சிரைவழியே செல்லும் எதுவும், அதன் பெயர் உணவென்றாலும் வைட்டமின் என்றாலும், மருந்துக்குரிய சோதனையைக் கடந்தே வர வேண்டும். கரைப்பானும் எண்ணெயோடு வந்த ஸ்டெராலும் விடுபட்ட ஓர் அமினோ அமிலமும் கல்லீரலைப் பாதிக்க வல்லவை என்பதை இத்துறை குழந்தைகளின் உயிரைக் கொடுத்தே கற்றது. அடுத்த பால்மத்தை உருவாக்குவோர், அதில் உள்ள ஒவ்வொரு பொருளையும் அளந்து அறிவிப்பதைத் தம் முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.