தரையும் சுவரும்: சாத்தூர் வட்டாரச் சிறுவீடுகளின் அகவரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் வட்டாரத்தில் ஓரறை, ஈரறை வீடுகள் எவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்டன, எவ்வாறு அழகூட்டப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தீப்பெட்டித் தொழில் இவ்வீடுகளின் தரையைப் பணியிடமாக்கியது; அச்சுத் தொழில் இவற்றின் சுவருக்குப் படம் வழங்கியது. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும்போதுதான் சிறுவீட்டின் அழகுணர்வும் அதற்குள் மறைந்துள்ள உழைப்பும் ஒருசேரப் புலப்படும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சாத்தூர், சிறுவீடு, அறைகலன், தீப்பெட்டித் தொழில், நாட்காட்டிப் படம், பெண்ணுழைப்பு

முன்னுரை

தமிழக வீடுகளின் அகவழகு பற்றிப் பேசும்போது செட்டிநாட்டு மாளிகைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தளக்கற்களும் பலரால் விரிவாக எழுதப்பட்டுள்ளன. 1910இல் உருவாக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் செட்டிநாடும் இருந்தது, சாத்தூரும் இருந்தது. 1985இல் அம்மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை இவ்விரு நிலப்பகுதிகளும் ஒரே ஆட்சி எல்லைக்குள் அடங்கின. எனினும் மாளிகைக்குக் கிடைத்த கவனம் வைப்பாற்றங்கரை ஊர்களின் சிறுவீடுகளுக்குக் கிடைக்கவில்லை. அவற்றில் வைத்துக் காக்கத்தக்க விலையுயர்ந்த பொருள்கள் இல்லாமையே இதற்குக் காரணம் எனலாம். ஆனால் அழகு விலையைச் சார்ந்ததன்று. குறைந்த இடத்தில் எதை வைப்பது, எதை விலக்குவது என்னும் தெரிவே சிறுவீட்டின் அழகியலாகும்.

இட ஒழுங்கு

கரிசல் வட்டாரச் சிறுவீட்டின் அடிப்படை விதி, தரையை வெறுமையாக வைத்திருப்பதாகும். பகலில் உண்ணவும் இரவில் உறங்கவும் ஒரே தரைதான் பயன்பட்டது. ஆகவே பொருள்கள் மேலேயும் ஓரத்திலும் ஒதுங்கின. பாய்கள் சுருட்டி மூலையில் நிறுத்தப்பட்டன. துணிகள் குறுக்கே கட்டிய கொடியில் தொங்கின. மோரும் நெய்யும் உறியில் ஏறின; அன்றாடம் தேவைப்படாதவை பரணுக்குச் சென்றன. தானியத்துக்கு மண்ணால் செய்த குலுக்கை இருந்தது. பனை மிகுந்த நிலமாதலால் சிறு பொருள்களுக்கு ஓலைக்கொட்டானும் பெட்டியும் போதுமானவையாயின. சுவரின் கனத்துக்குள் குடைந்த மாடக்குழி விளக்குக்கு இடம் தந்தது. இவற்றுள் எதுவும் தரையை நிலையாகப் பிடித்துக்கொள்வதில்லை என்பது கருதத்தக்கது.

ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் வீடு வெள்ளையடிக்கப்பட்டது. அப்போது சுவரில் இருந்தவை அனைத்தும் இறக்கப்பட்டு மீண்டும் ஏற்றப்பட்டன. எதைத் திரும்ப மாட்டுவது, எதைக் கழிப்பது என்பது அந்த நாளில் முடிவாயிற்று. வீட்டலங்காரம் இங்கு ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் வழக்கமாகும்.

தரைக்கு வந்த தொழில்

1922இல் சிவகாசியிலிருந்து ப. அய்யநாடாரும் அ. சண்முகநாடாரும் தீப்பெட்டித் தயாரிப்பைக் கற்கக் கல்கத்தா சென்றனர். மறு ஆண்டில் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். மழை குறைந்த இந்நிலத்தில் வேளாண்மை தராத கூலியைத் தீப்பெட்டி தந்தது. சிவகாசியைத் தொடர்ந்து சாத்தூரும் கோவில்பட்டியும் இத்தொழிலின் மையங்களாயின.

இத்தொழிலின் எல்லாக் கட்டங்களும் ஆலைக்குள் நிகழவில்லை. மருந்து தொடும் வேலை ஆலையில் நடந்தது. உட்பெட்டியையும் மேலுறையையும் ஒட்டும் வேலை வீடுகளுக்கு வந்தது. மெல்லிய மரச்சீவலும் நீலத்தாளும் பசையும் வீட்டுத் தரையில் பரவின. ஒட்டிய பெட்டிகள் காயும்வரை அத்தரை வேறெதற்கும் பயன்படாது. உறக்கத்துக்காகவும் உணவுக்காகவும் வெறுமையாக வைக்கப்பட்ட தரையே தொழிலுக்கு உகந்த தளமாக அமைந்தது. அடுப்பங்கரையின் எல்லை சுருங்கியது, திண்ணை பணிக்கூடமாயிற்று.

இங்கு ஒரு கணக்கு விடுபட்டுள்ளது. கூலி குரோஸ் கணக்கில், அதாவது 144 பெட்டிகளுக்கு இவ்வளவு என்று வழங்கப்பட்டது. பெட்டி பரப்பிய இடத்துக்கு வாடகை கிடையாது. ஆலை கட்ட வேண்டிய கூடத்தைப் பெண்கள் தம் வீட்டுக்குள்ளிருந்தே வழங்கினர். சட்டத்தின் பார்வையும் இவ்விடத்தைத் தொழிற்கூடமாகக் கொள்ளவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் ஆபத்தான தொழில்களில் சிறுவரை ஈடுபடுத்துவதைத் தடைசெய்தது. ஆனால் குடும்பத்தார் துணையுடன் நடத்தப்படும் பணியிடங்களுக்கு விலக்களித்தது. சிவகாசித் தொழிற்சாலைகளில் சிறுவர் உழைப்பைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆலை வாயிலில் சிறுவரைக் கணக்கெடுக்க முடிந்தது. வீட்டுத் தரையில் அது எளிதாக இருக்கவில்லை.

சுவருக்கு வந்த படம்

தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்கு அச்சகம் தேவைப்பட்டது. இத்தேவையிலிருந்து வளர்ந்த சிவகாசி அச்சுத் தொழில் நாட்காட்டிக்கும் படத்துக்கும் விரிந்தது. இரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவியபோது தெய்வப்படம் அச்சேறி வீடுகளுக்குள் வரத் தொடங்கியிருந்தது. தென்மாவட்டங்களில் அதனைப் பரவலாக்கியவர்களுள் கோவில்பட்டி ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976) முதன்மையானவர். நாடகத் திரைச்சீலை வரைந்த அவருடைய கைப்பழக்கம் படங்களிலும் தெரிகிறது. உருவம் பார்ப்பவரை நேர்நோக்கி நிற்கும். பின்னணி ஒளிமிக்கதாக விரியும். சாளரம் சிறுத்த, வெளிச்சம் குறைந்த அறையில் இத்தகைய படம் தொலைவிலிருந்தும் துலங்கியிருக்கும் என ஊகிக்க இடமுண்டு.

கஜ்ரி ஜெயின் நாட்காட்டி ஓவியம் குறித்து 2007இல் வெளியிட்ட நூல், சிவகாசிப் படங்களைக் கடைவீதியின் வணிக உறவுகளோடு சேர்த்து ஆராய்ந்தது. அப்படங்கள் சென்று சேர்ந்த சுவரின் பக்கமிருந்தும் இவ்வுறவை நோக்க வேண்டும். நாட்காட்டி பெரும்பாலும் விலைக்கு வாங்கப்படுவதில்லை. மளிகைக்கடையோ நகைக்கடையோ தன் பெயர் பொறித்து வழங்குவதாகும். புதிய மாதிரிகள் சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று வெளியிடப்படுவது வழக்கம். சில மாதங்கள் கழித்து அவை தமிழகமெங்கும் உள்ள வீடுகளின் ஆணியை அடைகின்றன. தாள் முழுவதும் கிழிக்கப்பட்ட பின்னரும் படம் ஒட்டிய அட்டை சுவரில் நிலைத்துவிடுகிறது. நல்ல நேரமும் இராகு காலமும் காட்டிய கருவி அலங்காரமாக மாறுகிறது. குடும்பம் எங்கே பற்றுவைத்துப் பொருள் வாங்குகிறது என்பதையும் அச்சுவர் சொல்லிவிடுகிறது.

இப்படங்களை மலிவான சுவையின் அடையாளமாகக் கருதுவோர் உளர். அக்கருத்து தெரிவின் பங்கைக் காணத் தவறுகிறது. பல நாட்காட்டிகள் வந்தாலும் எல்லாமே மாட்டப்படுவதில்லை. தெய்வப்படம் விளக்கருகில் இடம்பெறும். குழந்தைப் படமும் இயற்கைக் காட்சியும் வாயிலை நோக்கி அமையும். 1957, 1962 ஆகிய தேர்தல்களில் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்ற காமராசரின் படம் இவ்வட்டாரச் சுவர்களில் இடம்பெறுவது வெறும் அலங்காரமன்று. தம் பிரதிநிதி ஒருவர் முதலமைச்சராக இருந்ததன் நினைவுமாகும்.

அரசு வழங்கிய அறைகலன்

2006க்குப் பின் சிறுவீட்டின் ஒழுங்கை மாற்றியதில் அரசுக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வாண்டில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டன. தொலைக்காட்சிக்கு மேசை தேவைப்பட்டது. தரையின் ஒரு மூலை முதன்முறையாக நிலையாகப் பறிபோயிற்று. பாய்கள் தொலைக்காட்சியை நோக்கி விரிக்கப்பட்டன.

2011இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டம் 300 சதுரஅடி வீட்டை வழங்கியது. 2016இல் மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டம் குறைந்த அளவை 20 சதுரமீட்டரிலிருந்து 25 சதுரமீட்டராக உயர்த்தியது. மழைக்கு ஒழுகாத கூரையும் கழிப்பறையும் கிடைத்தது பெரும் முன்னேற்றமே. ஆயினும் பசுமை வீட்டின் வரைபடத்தில் உறங்கவும் சமைக்கவும் இடமுண்டு. உழைக்கத் தனியிடம் இல்லை. இயந்திரமும் அட்டைப்பெட்டியும் வந்தபின் பெட்டி ஒட்டும் வேலை அருகினாலும், வீட்டிலிருந்து செய்யும் கூலிவேலை மறையவில்லை. அனுமதியின்றி வீடுகளுக்குள் பட்டாசு செய்து உயிரிழப்போர் பற்றிய செய்திகள், வீடும் பணியிடமும் பிரியாமையின் மிகக் கொடிய முடிவாகும்.

முடிவுரை

சாத்தூர் வட்டாரச் சிறுவீட்டில் தரையும் சுவரும் ஒரே பொருளாதாரத்தின் இரு முகங்கள். தொழில் தரையை விலையின்றி எடுத்துக்கொண்டது. அத்தொழிலுக்குத் துணையாக வளர்ந்த அச்சகம் சுவருக்கு விலையின்றிப் படம் தந்தது. இவ்விரண்டுக்கும் இடையே வாழுமிடத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் பெண்கள். அவர்களுடைய பெயர் பெட்டியிலும் இல்லை, படத்திலும் இல்லை.

பழைய வீடு இடிக்கப்படும்போது மாடக்குழியும் ஆணித்தடமும் மங்கிய அட்டையும் ஒன்றாக அழிகின்றன. மாளிகைத் தூண்களை அளந்து பதிவுசெய்வது போலவே, எந்தப் படம் எந்தச் சுவரில் இருந்தது, பெட்டி எங்கே காய்ந்தது என்பதையும் அவ்வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவு கலைவரலாற்றுக்கு மட்டுமன்றித் தொழிலாளர் வரலாற்றுக்கும் சான்றாகும்.